அணுமின் நிலையமும் தரப் பரிசோதகரும்

சித்தூர் வட்டாரத்தில் வாழும் தமிழ் நேயர்களுக்கு மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகளைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பருவ காலத்தில் லாரி லாரியாக வந்து இறங்கும் தோதாபுரிப் பழங்களின் தரத்தை அறிய, குவியலிலிருந்து சில பழங்களை எடுத்து அறுத்துப் பார்த்தால் போதும். அறுத்த பழம் வீணாகலாம்; ஆயினும் மற்றவற்றின் நிலை ஒருவாறு விளங்கிவிடும். கெட்ட பழம் சில கண்ணில் படாமற் போனாலும் பெருநஷ்டம் இல்லை. ஆனால், பொருள் ஒன்றே ஒன்று. அதனை அறுத்துப் பார்க்கவும் இயலாது. அதில் ஓரிடத்தில் பழுது இருந்தாலும் பொறுக்க முடியாது என்றால், அதன் தரத்தை எவ்வாறு அறிவது? அணுமின் நிலையம் கட்டுவோர் நாள்தோறும் சந்திக்கும் கேள்வி இதுவே. அதற்கு விடை காண்பவரே தரப் பரிசோதகர்.

திருப்பதியிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்றடையக்கூடிய தொலைவில், சென்னைக்குத் தெற்கே, கடற்கரையில் கல்பாக்கம் அமைந்துள்ளது. நம் நாட்டுப் பொறியியலாளர்களே பொறுப்பேற்றுக் கட்டிய முதல் அணுமின் நிலையம் அங்கேதான் எழுந்தது. அதன் முதல் உலை 1983-ஆம் ஆண்டிலும், இரண்டாவது உலை 1985-ஆம் ஆண்டிலும் முதன்முதலாக இயக்கம் பெற்றன. அதே வளாகத்தில், 500 மெகாவாட் ஆற்றலுள்ள வேக ஈனுலை ஒன்றன் கட்டுமானம் 2004-ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வுலையின் முதன்மைக் கலம் துருப்பிடியாத எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்யப்பட்டதாகும். அதன் விட்டம் ஏறத்தாழ 13 மீட்டர்; உயரமும் ஏறக்குறைய அவ்வளவே; எடை 200 டன்னுக்கு மேல். 2009-ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கலம் உலைக் குழியினுள் இறக்கப்பட்டது.

அக்கலத்தில் நிரப்பப்படுவது உருகிய சோடியம். சூடான சோடியம் காற்றுப் பட்டால் தீப்பற்றும்; நீர் பட்டால் கடுமையாக வினைபுரியும். உலை இயங்கிய பிறகு எவரும் உள்ளே இறங்கிப் பழுது பார்த்தல் இயலாது. ஆகவே, தகடுகளை இணைக்கும் ஒவ்வொரு பற்றவைப்பும், கலம் குழியினுள் இறங்குவதற்கு முன்பே குறையற்றது என்று உறுதிப்பட வேண்டும்.

இவ்வுறுதி எவ்வாறு பெறப்படுகிறது? பரிசோதனை, பொருள் வந்து சேரும் நாளிலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு தகட்டிலும், அது எந்த உருக்கிலிருந்து வார்க்கப்பட்டது என்பதைக் காட்டும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். தகட்டைத் துண்டாக வெட்டினால், அவ்வெண்ணை ஒவ்வொரு துண்டிலும் மீண்டும் பொறித்தல் வேண்டும். பற்றவைக்கும் தொழிலாளியும் சோதனைக்கு உட்பட்டவரே. அவர் முதலில் மாதிரித் தகடுகளை இணைத்துக் காட்டுவார். அவ்விணைப்பை வளைத்தும் இழுத்தும் பார்த்து, தேறினால் மட்டுமே அவருக்கு வேலை தரப்படும். எந்த இணைப்பை எவர் செய்தார் என்பதும் ஏட்டில் பதிவாகும். பல ஆண்டுகள் கழித்து ஓர் ஐயம் எழுந்தாலும், அத்தகடு, அதைப் பற்றவைத்தவர், அதைச் சோதித்தவர் ஆகிய மூன்றையும் ஏட்டைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்ததாக, வேலையை இடையில் நிறுத்திப் பார்க்கும் முறையைக் குறிப்பிட வேண்டும். நம் வீட்டுக்குத் தளம் போடும்போது, கம்பி கட்டி முடிந்ததும் மேஸ்திரி நம்மை அழைத்துக் காட்டுகிறார் அல்லவா? கான்கிரீட் கொட்டிய பின் உள்ளே எத்தனை கம்பி உள்ளது என்பதை எவரும் காண முடியாது. இதே நியதி அணுமின் நிலையக் கட்டுமானத்தில் சட்டம்போற் கடைப்பிடிக்கப்படுகிறது. வேலைத் திட்டத்தில் சில இடங்கள் நிறுத்த நிலைகள் என முன்கூட்டியே குறிக்கப்படும். பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்திடும் வரையில் அவ்விடத்தைக் கடந்து வேலை செல்லக் கூடாது. கான்கிரீட் கொட்டும்போது அதன் குழைவு அங்கேயே அளக்கப்படும். 15 சென்டிமீட்டர் கனசதுரங்களாக மாதிரிகள் வார்த்தெடுக்கப்பட்டு, 7-ஆம் நாளிலும் 28-ஆம் நாளிலும் நொறுக்கிப் பார்த்து வலிமை கணிக்கப்படும்.

மாதிரியை நொறுக்கலாம், கலத்தை நொறுக்க முடியாது. அதனால், பொருளைச் சிதைக்காமல் உள்ளே இருப்பதைக் காணும் முறைகளை விஞ்ஞானிகள் வகுத்துள்ளனர். இரிடியம் போன்ற கதிரியக்கப் பொருளின் கதிரை எஃகினூடே செலுத்தி, மறுபுறம் படம் எடுப்பது ஒரு முறை. உள்ளே காற்றுக் குமிழ் இருப்பின் அது படத்தில் கரும்புள்ளியாய்த் தோன்றும். ஆனால், கதிருக்குக் குறுக்காக அமைந்த மெல்லிய வெடிப்பு அப்படத்தில் தப்பிவிடக் கூடும். அத்தகைய வெடிப்பைக் காண, செவிக்கு எட்டாத உயர் அதிர்வுள்ள ஒலியை உள்ளே செலுத்தி, அதன் எதிரொலியை ஆராய்வர். மேற்பரப்பில் உள்ள நுண்வெடிப்பை அறிய, வண்ணத் திரவம் பூசித் துடைத்துப் பார்ப்பர். காந்தத்தைக் கொண்டு வெடிப்பைக் காணும் முறையும் உண்டு. ஆனால் காந்தம் ஈர்க்காத துருப்பிடியாத எஃகுக்கு அது பயன்படாது. எந்த முறை எந்தக் குறையைக் காட்டும், எதைக் காட்டாது என்று அறிவதே பரிசோதகரின் முதற் கல்வி.

இனி, பரிசோதகராகும் தகுதியைப் பார்ப்போம். இத்துறையில் மூன்று படிகள் உண்டு. முதற்படியில் உள்ளவர், எழுதிக் கொடுத்த முறைப்படி கருவியை இயக்கிச் சோதனையை நடத்துவார். ஏற்பதா, தள்ளுவதா என்று தாமாக முடிவு செய்ய மாட்டார். இரண்டாம் படியில் உள்ளவர் முடிவை ஆராய்ந்து தீர்ப்பளிப்பார். மூன்றாம் படியில் உள்ளவர் சோதனை முறையையே வகுத்துக் கொடுப்பார். மற்றவரைப் பயிற்றித் தேர்வும் நடத்துவார். ஒவ்வொரு சோதனை முறைக்கும் தனித்தனியே தகுதி பெறுதல் வேண்டும். சர்வதேசத் தர விதிகளின்படி, தேர்வின் ஒவ்வொரு பகுதியிலும் நூற்றுக்கு 70 மதிப்பெண் பெற வேண்டும். சான்றிதழ் 5 ஆண்டுகளுக்கே செல்லும். கண்பார்வையை ஆண்டுதோறும் சோதித்துக் கொள்ளவும் வேண்டும். நூலறிவு எத்துணை இருப்பினும், மயிரிழை போன்ற கோட்டைக் காணாத கண் இத்தொழிலுக்கு உதவாது. கதிர்ப்படம் எடுப்பவரோ, கதிர்வீச்சிலிருந்து தம்மையும் பிறரையும் காக்கும் பயிற்சியையும் பெற்றுத் தேறியிருக்க வேண்டும்.

அறிவும் கண்ணும் போதுமா? போதா. சோதிப்பவர், வேலையை விரைந்து முடிக்க விரும்புபவருக்குக் கட்டுப்பட்டவராய் இருத்தல் கூடாது. அதனால்தான் சோதனை அடுக்கடுக்காக அமைக்கப்பட்டுள்ளது. வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனத்தாரின் பரிசோதகர் முதலில் பார்ப்பார்; நிலையத்தைக் கட்டுவிப்போரின் பரிசோதகர் அடுத்துப் பார்ப்பார்; இவர்கள் எல்லோருக்கும் மேலே, 1983-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கட்டந்தோறும் ஆராய்ந்து இசைவு வழங்கும். சான்றிதழ் பொய்யானால் என்ன நேரும் என்பதைத் தென்கொரிய நாடு கண்டது. அங்கே ஆயிரக்கணக்கான சிறு உறுப்புகள் பொய்யான தரச் சான்றிதழ்களுடன் அணுமின் நிலையங்களுக்கு வந்திருந்தமை 2012-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மறு ஆண்டில், மின்கம்பிகளின் சோதனை அறிக்கைகளும் திருத்தப்பட்டவை எனத் தெரிந்தது. உலைகள் சில நிறுத்தப்பட்டன. நாட்டில் மின்சாரத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மக்களின் நம்பிக்கையும் குலைந்தது.

நம் நாட்டிலும் சோதனையின் பயனைக் காட்டும் நிகழ்ச்சிகள் உண்டு. கூடங்குளத்தில் முதல் உலை தொடங்கவிருந்த காலத்தில், சுற்றுப்புற மக்கள் அச்சமும் ஐயமும் கொண்டு எதிர்ப்புத் தெரிவித்து வந்ததை நேயர்கள் நினைவு கூரலாம். 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில், நான்கு வால்வுகளின் செயலில் குறை இருப்பது சோதனையில் தெரிய வந்தது. அவற்றின் உறுப்புகளை மாற்றி மீண்டும் சோதித்துக் காட்டுமாறு வாரியம் பணித்தது. அதன் பின்னரே, அவ்வாண்டு ஜூலையில் உலை முதல் இயக்கம் பெற்றது. குறை கண்டது இழுக்கன்று; கண்டதை மறைத்திருந்தால் அதுவே பேரிழுக்கு.

பரிசோதகரின் பணிக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். கர்நாடகத்தில் கைகா என்னுமிடத்தில் கட்டப்பட்டு வந்த உலையின் உட்கவிகை மாடம், 1994-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் அடிப்புறம் பெயர்ந்து விழுந்தது. ஏறத்தாழ 130 டன் கான்கிரீட் சரிந்தது. தொழிலாளர் 14 பேர் காயமுற்றனர். எரிபொருள் இடப்படாத காலமாதலின் கதிர்வீச்சு அபாயம் இல்லை. வளைந்து செல்லும் இழுகம்பிகளால் கான்கிரீட்டினுள் எழும் விசையை வடிவமைப்பு போதிய அளவு கருதவில்லை என்று ஆய்வு காட்டியது. பரிசோதகர் வேலையை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். வரைபடமே குறையுடையதானால் அவருடைய கையெழுத்து நம்மைக் காவாது. ஆகவே வரைபடத்தையும் மற்றொரு குழுவினர் ஆராய்தல் இன்றியமையாதது. மாடம் புதிய வடிவமைப்பின்படி மீண்டும் கட்டப்பட்டு, 2000-ஆம் ஆண்டில்தான் அவ்வுலை மின்சாரம் தரலாயிற்று.

வெளி மாநிலங்களில் வாழும் நம் இளைஞர்கள் பலர் தொழிற்பயிற்சியும் பாலிடெக்னிக் கல்வியும் பெற்று இத்துறையை நாடுகின்றனர். அவர்கள் பணம் கட்டுமுன் சிலவற்றை விசாரித்து அறிதல் நலம். தரப்படும் சான்றிதழ் எந்த விதிமுறையைச் சார்ந்தது? ஒரு வகைச் சான்றிதழை வேலை தரும் நிறுவனமே வழங்குகிறது. அந்நிறுவனத்தை விட்டு விலகினால் அது செல்லாது. மற்றொரு வகையைப் பொதுவான அமைப்பு தேர்வு நடத்தி வழங்குகிறது; வேலை மாறினாலும் அது கூடவே வரும். சில நாள் வகுப்பில் அமர்ந்து பெறும் தாள் மட்டும் தகுதி ஆகாது. தேர்ந்தவரின் மேற்பார்வையில் வேலை பார்த்த அனுபவமும் ஏட்டில் பதிந்திருத்தல் வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிதைவிலாச் சோதனைக்கான இந்தியச் சங்கம் இத்தகைய பயிற்சிகளையும் தேர்வுகளையும் நடத்தி வருகிறது.

இத்தொழிலில் புகழ் குறைவு. வேலையை நிறுத்துபவர் என்ற முணுமுணுப்பே பெரும்பாலும் பரிசோதகரை வந்து சேரும். எனினும், கான்கிரீட் மூடிவிடுவதையும் கலம் குழியில் மறைந்துவிடுவதையும் நமக்காகக் கடைசியாகப் பார்ப்பவர் அவர். அணுமின் நிலையத்தின் அருகே வாழும் மீனவரும் உழவரும் அவரை அறியார். ஆயினும் அவர் இடும் கையெழுத்தை நம்பித்தான் அவர்கள் இரவில் கண்ணயர்கின்றனர். அக்கையெழுத்து, கண்ணாற் காணாத எதற்கும் இடப்படாதிருத்தலே அவர்களுக்கு நாம் செய்யும் கடமை.