கம்பம் பள்ளத்தாக்கில் மங்கல வழக்குகள்

தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தினார் நன்னூலார். செத்தாரைத் துஞ்சினார் என்றலும், சுடுகாட்டை நன்காடு என்றலும் மங்கலத்திற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். இவ்வழக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதைத் தேனி, கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் பேச்சைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

விடைபெறுவோர் 'போகிறேன்' என்னார். 'போய் வருகிறேன்' என்பர். விளக்கு அணைந்தது என்னாது 'மலையேறிற்று' என்பர். அருள் வந்து ஆடியவர் ஓய்ந்தபோதும் 'சாமி மலையேறிவிட்டது' என்பதே வழக்கு. ஒளியும் தெய்வமும் அழிவதில்லை. தம் இருப்பிடம் மீள்கின்றன என்னும் கருத்து ஒரே வினையால் புலப்படுகின்றது. இவை தமிழகம் எங்கும் பொதுவாயினும், இருபுறமும் மலை சூழ்ந்த இந்நிலத்தில் தனிப்பொருத்தம் உடையன.

வீரபாண்டிக் கௌமாரியம்மன் கோயிற் சித்திரைத் திருவிழாவில் அடியார் அக்கினிச் சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்துவர். இவ்வழிபாட்டோடு இயைந்த சொற்கள் சிறப்பாக நோக்கத்தக்கன. நோயின் பெயர் 'அம்மை', கொப்புளம் 'முத்து', நோய் தணிதல் 'இறங்குதல்', தணிந்தபின் செய்யும் நீராட்டு 'தண்ணீர் ஊற்றுதல்'. மங்கலமாவது அஞ்சத்தக்கதை வேறு சொல்லால் மறைப்பது. இங்கோ மறைத்தல் இல்லை. அச்சம் தரும் நோயே தாயாகப் போற்றப்படுகின்றது. ஆதலின் இதனை மங்கலத்துள் அடக்காது, 'வழிபாட்டு வழக்கு' எனத் தனியே கொள்ளுதல் தகும் என்பது எம் கருத்து.

பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. நோய் ஒழிந்தும் சொல் ஒழிந்திலது. சின்னம்மை, தட்டம்மை என இன்றைய மருத்துவத் துறையும் அப்பெயரையே ஆளுகின்றது. இச்சொற்களை மூடநம்பிக்கை என ஒதுக்கின், நோயை மக்கள் எதிர்கொண்ட முறையைக் காட்டும் சான்றினை இழப்போம்.

இப்போக்கு ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. கம்பம், உத்தமபாளையம் முசுலிம்கள் தொழுகை, நோன்பு, பெருநாள் எனத் தமிழ்ச்சொற்களை ஆள்வர். இறந்தாரை மட்டும் 'மௌத்தானார்' என அரபுச் சொல்லாற் குறிப்பர். இராயப்பன்பட்டி போன்ற கிறித்தவர் மிக்க ஊர்களில் 'தோத்திரம்' என்பது வணக்கச் சொல்லாகவும் வழங்கும்.

குழந்தை தும்மின் 'நூறு' என வாழ்த்துவர் நம் முதியோர். தும்மினாரை வாழ்த்தும் மரபு திருக்குறட் புலவி நுணுக்கத்திலும் உண்டு. பசிபிக் தீவினராகிய சமோவா மக்களும் தும்மினாரை நோக்கி, வாழ்வு எனப் பொருள்படும் 'சோயிஃபுவா' என்னும் சொல்லையே கூறுவர். தொடர்பற்ற இரு மொழிகள் இவ்வாறு ஒத்தல், மொழியுறவால் அன்று. உயிர்மேல் மாந்தர் கொண்ட பரிவால் என்க.

முதியோர் நாவில் எஞ்சும் இவ்வழக்குகளை ஊர்தோறும் சென்று தொகுத்தல் இளம் ஆய்வாளர் கடனாகும்.