பெயர் செத்தாலும் பிரிவு சாவதில்லை

தோழர்களே, இந்தியாவின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டங்கள் ஒரே தொகுப்பில் இல்லை. இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் விளங்கும்.

முதலாவது, தடுப்புக்காவல். செய்த குற்றத்துக்காக அல்ல, செய்யக்கூடும் என்பதற்காகச் சிறை. 1950இல் தடுப்புக்காவல் சட்டம், 1971இல் மிசா, 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம். நாம் குண்டர் சட்டம் என்கிறோம்.

இரண்டாவது, குற்றவழக்கு. 1985இல் தடா, 2002இல் பொடா. பொடா 2004இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் அதன் பயங்கரவாதப் பிரிவுகள் 1967ஆம் ஆண்டின் ஊபா சட்டத்துக்குள் குடியேறின. 2008இல் அதில் பிணை கடினமானது. குற்றப்பத்திரிகைக்கு 180 நாள்வரை அவகாசம் கிடைத்தது. 2024 ஜூலையில் பயங்கரவாதம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவாகப் பொதுத் தண்டனைச் சட்டத்துக்கும் வந்துவிட்டது.

தடுப்புக்காவல் கைதிக்கு வழக்கறிஞரும் இல்லை, 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்துவதும் இல்லை. அரசமைப்பின் 22ஆம் உறுப்பே அவற்றை விலக்குகிறது. ஆனால், 1949இல் அம்பேத்கர் முன்மொழிந்த அந்த உறுப்பே காரணத்தைத் தெரிவிக்கவும், முறையீட்டுக்கு வாய்ப்புத் தரவும், மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க அறிவுரைக் கழகத்தின் கருத்தைப் பெறவும் கட்டளையிடுகிறது.

ஆகவே, சேரியிலிருந்து ஒருவரைக் கொண்டுபோனால் நம் முதல் கேள்வி இதுதான்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? போராட வேண்டிய இடம் அந்தப் பதிலில் இருக்கிறது.