வாப்பா கட்டாரில் இருக்கிறாரா, வந்துவிட்டாரா?



"வாப்பா கட்டாருக்குப் போயிருக்கிறார்" என்று மஹய்யாவயில் ஒரு பிள்ளை சொன்னால் நீங்கள் என்ன விளங்கிக்கொள்வீர்கள்? அவர் இப்போது அங்கே இருக்கிறார் என்றும் எடுக்கலாம். முன்பொரு தடவை போய் வந்தவர் என்றும் எடுக்கலாம். தமிழில் இரண்டுக்கும் அந்த ஒரு சொல் போதும். சந்தர்ப்பத்தைக் கொண்டு பொருளை அறிகிறோம். ஆங்கிலம் அப்படியல்ல.

"ஹி ஹேஸ் கோன் டு கட்டார்" என்றால், போனவர் இன்னும் திரும்பவில்லை. "ஹி ஹேஸ் பீன் டு கட்டார்" என்றால், போய் வந்துவிட்டார். "ஹி ஹேஸ் பீன் இன் கட்டார் ஃபோர் டூ இயர்ஸ்" என்றால், இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறார். 'பீன்' என்பதற்குப் பின்னால் 'டு' வந்தால் மனிதர் வீட்டில். 'இன்' வந்தால் வெளிநாட்டில். அவ்வளவு வித்தியாசம்!

அடுத்தது, நம்மில் அநேகர் விடும் பிழை. "பத்து வருஷமாகக் கண்டியில் இருக்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்கிறோம். அதை அப்படியே மாற்றி, "ஐ ஆம் லிவிங் இன் கண்டி சின்ஸ் டென் இயர்ஸ்" என்கிறோம். ஒரே வசனத்தில் இரண்டு பிழைகள். "ஐ ஹேவ் லிவ்ட் இன் கண்டி ஃபோர் டென் இயர்ஸ்" என்பதே சரி. எவ்வளவு காலம் என்பதற்கு 'ஃபோர்'. எப்போதிலிருந்து என்பதற்கு 'சின்ஸ்'.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. மஹய்யாவ ஊடாக மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1880இல். "தி ரெயில்வே கேம் டு மாத்தளை இன் 1880" என்றால் அது முடிந்துபோன சம்பவம். அங்கே 'ஹேஸ்' வராது. "மாத்தளை ஹேஸ் ஹேட் எ ரெயில்வே சின்ஸ் 1880" என்றால் அன்று தொடங்கியது இன்றும் உண்டு. வருஷம் ஒன்றுதான். 'இன்' வந்தால் கதை முடிந்தது. 'சின்ஸ்' வந்தால் தொடர்கிறது. இதனால்தான் "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" என்பதும் பிழை. நேற்று முடிந்துவிட்டதல்லவா?

இன்னொன்று. "வீ ஹேவ் ரீச்ட் டு கண்டி" என்று சொல்ல வேண்டாம். 'கண்டிக்கு' என்பதிலுள்ள 'கு' நம்மை ஏமாற்றுகிறது. 'ரீச்ட் கண்டி' என்றாலே போதும். 'அரைவ்ட்' என்றால் நகரத்துக்கு 'இன்', புகையிரத நிலையத்துக்கு 'அட்'.

இதெல்லாம் வெறும் இலக்கணம்தானே என்று எண்ணாதீர்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கியது. தொழில் விண்ணப்பமும் நேர்முகப் பரீட்சையும் பெரும்பாலும் அந்த மொழியில்தான். இன்றும் வேலையில் இருக்கும் உங்கள் மகன், "ஐ வர்க்ட் ஹியர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்" என்று எழுதினால், வேலையை விட்டுவிட்டார் என்றே வாசிப்பவர் நினைப்பார். 'ஹேவ் வர்க்ட்' என்று எழுதினால் அந்தச் சந்தேகமே எழாது.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகளை விதிகளை மனனம் செய்யச் சொல்லாதீர்கள். எழுதுமுன் மூன்று கேள்விகளை மட்டும் கேட்கப் பழக்குங்கள்: போனவர் திரும்பினாரா? எப்போதிலிருந்து? எவ்வளவு காலமாக? விடை தெரிந்தால், எந்தச் சிறு சொல்லைப் போடுவது என்பதும் தெரிந்துவிடும்.