வீட்டுக் கணிப்பொறியில் ஒரு மரக்குதிரை

கிரேக்கப் படைகள் ட்ராய் நகரைப் பத்தாண்டுகள் முற்றுகையிட்டும் உள்ளே நுழைய முடியவில்லை. இறுதியில் அவர்கள் பெரியதொரு மரக்குதிரையைச் செய்து, அதன் வயிற்றினுள் வீரர்களை ஒளித்து வைத்துவிட்டு, ஊர் திரும்புவதுபோல் நடித்தனர். நகரத்தாரோ அக்குதிரையைத் தாமே உள்ளே இழுத்துச் சென்றனர். அன்றிரவே ட்ராய் வீழ்ந்தது. இது நாம் அறிந்த பழங்கதை. பகைவரால் திறக்க முடியாத வாயிலை நகரத்தாரே திறந்துவிட்டனர் என்பதன்றோ இக்கதையின் சாரம்!

இதே பெயரைத் தாங்கிய தீங்கு ஒன்று இன்று நம் வீட்டுக் கணிப்பொறிக்குள்ளும் நுழைகின்றது. அதுவே ‘ட்ரோஜன்’. அதை அறிந்துகொள்வதும் அகற்றுவதும் எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

ட்ரோஜன் என்பது யாது?

கணிப்பொறியைக் கெடுக்கும் எல்லாவற்றையும் நாம் ‘வைரஸ்’ என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் வைரஸ் என்பது தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு கோப்புக்குக் கோப்பு தொற்றுவது. ட்ரோஜன் அவ்வாறு தானாகத் தொற்றுவதில்லை. விளையாட்டு, திரைப்படம், பாடக்குறிப்பு எனப் பயனுள்ள பொருளாக வேடமிட்டு வந்து, நாம் திறக்கும்வரை காத்திருக்கும். பசுத்தோல் போர்த்திய புலி என்பது இதற்கே பொருந்தும்.

இதற்கு 1989ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று நல்ல சான்று. அவ்வாண்டு டிசம்பரில் பல நாடுகளிலுள்ளோருக்கு ஏறத்தாழ 20,000 நெகிழ்தட்டுகள் அஞ்சலில் வந்தன. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் அடங்கியது என்று உறையில் கண்டிருந்தது. தட்டும் அவ்வாறே கேள்விகள் கேட்டு விளக்கம் தந்தது. ஆனால் கணிப்பொறியை 90 முறை அளவுக்கு இயக்கிய பின்னர், அதிலிருந்த கோப்புகளின் பெயர்கள் குழம்பிப்போயின. அவற்றை மீட்க வேண்டுமானால் 189 டாலரைப் பனாமா நாட்டு அஞ்சல் பெட்டி ஒன்றுக்கு அனுப்புமாறு திரையில் கட்டளை தோன்றியது. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் இக்காலக் கொள்ளைக்கு முன்னோடி இதுவே.

எவ்வழியாக வருகின்றது?

இன்று அது பெரும்பாலும் இணையத்தின் வழியே வருகிறது. விலைக்கு விற்கும் மென்பொருளையும் விளையாட்டையும் ‘இலவசம்’ என்று தரும் திருட்டுப் பிரதிகள் முதல் வழி. மின்னஞ்சலோடு இணைந்து வரும் ரசீதும் கடிதமும் இரண்டாவது வழி. “உங்கள் கணிப்பொறியில் வைரஸ் உள்ளது, உடனே இதை நிறுவுங்கள்” என்று இணையப் பக்கத்தில் திடீரெனத் தோன்றும் எச்சரிக்கை மூன்றாவது வழி. காவலன் வேடத்தில் கள்வனே வருவது இது.

கோப்பின் பெயரிலும் ஒரு சூது உண்டு. ‘மாதிரி வினாத்தாள்.பிடிஎஃப்’ என்று நம் கண்ணுக்குத் தெரிவதன் முழுப்பெயர் ‘மாதிரி வினாத்தாள்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்றிருக்கலாம். இஎக்ஸ்இ என முடிவது படிக்கும் தாளன்று, இயங்கும் நிரல். விண்டோஸ் இந்தக் கடைசிப் பகுதியைப் பொதுவாக மறைத்தே காட்டும். கோப்புகளைக் காணும் சாளரத்தில் ‘வியூ’ பகுதிக்குச் சென்று, முழுப்பெயரும் தெரியுமாறு நாம் மாற்றிக்கொள்ளலாம். அரை நிமிட வேலைதான், ஆயினும் பெருந்துணை.

அறிகுறிகள்

நாம் நிறுவாத மென்பொருள் பட்டியலில் காணப்படுதல், இணைய உலாவியின் முதற்பக்கம் தானே மாறுதல், வைரஸ் தடுப்பான் தானாக அணைந்திருத்தல், நாம் அனுப்பாத மடல்கள் நம் பெயரில் நண்பர்களுக்குச் செல்லுதல், நாம் இயக்காதபோது காமிராவின் விளக்கு எரிதல் ஆகியவை ஐயத்திற்குரியவை. கணிப்பொறி மெதுவாக இயங்குவதை மட்டும் கொண்டு ட்ரோஜன் என முடிவு செய்தல் கூடாது. பழைய இயந்திரம், நிரம்பிய வட்டு, விசிறியில் படிந்த தூசி ஆகியவையும் அதற்குக் காரணமாகலாம். மாறாக, எந்த அறிகுறியும் காட்டாமல் கடவுச்சொற்களை மட்டும் திருடிச் செல்லும் ட்ரோஜன்களும் உண்டு. ஆகவே குறைகள் தோன்றாவிடினும் அவ்வப்போது சோதித்தல் நன்று.

அகற்றும் முறை

முதலாவதாக, இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். திருடியதை வெளியே அனுப்பவும், வெளியிலிருந்து கட்டளை பெறவும் ட்ரோஜனுக்கு அந்த இணைப்பே பாதை. அதன்பின் அக்கணிப்பொறியில் எந்தக் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்யலாகாது.

இரண்டாவதாக, நிறுவிய மென்பொருள்களின் பட்டியலையும் உலாவியின் துணைநிரல்களையும் பார்வையிட்டு, நாம் அறியாதவற்றை நீக்க வேண்டும். பெயர் விளங்காத எல்லாவற்றையும் அழித்துவிடுதலும் தவறு. இயந்திரத்திற்குத் தேவையான நிரல்களும் அவற்றுள் இருக்கும். தெரிந்தவரைக் கேட்டுச் செய்க.

மூன்றாவதாக, விண்டோஸுடன் இலவசமாகவே வரும் ‘டிஃபெண்டர்’ தடுப்பானைக் கொண்டு முழுச் சோதனை செய்ய வேண்டும். அதன் பட்டியல் பழையதாயின், புதுப்பிக்க மட்டும் சிறிது நேரம் இணைப்புக் கொடுக்கலாம். பின்னர் அதிலேயே உள்ள ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மறைவில் ஒளிந்துகொள்ளும் ட்ரோஜன்கள் உள. இம்முறையில் கணிப்பொறி அணைந்து, விண்டோஸ் எழுமுன்னரே சோதனை நடைபெறுகிறது. ஒளிந்திருப்பவை எளிதில் அகப்படும். இதற்கு ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும்.

நான்காவதாக, தூய்மையான வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். மின்னஞ்சலுக்கும் வங்கிக் கணக்கிற்கும் முதலிடம். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்துதல் நலம். இல்லையேல் கள்வன் திறந்த கணக்கு திறந்தபடியே இருக்கக்கூடும். இரட்டைச் சரிபார்ப்பு முறையையும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

இவற்றாலும் தீராவிடில், படங்களையும் எழுத்துக் கோப்புகளையும் மட்டும் படியெடுத்து வைத்துக்கொண்டு, விண்டோஸை அடியோடு நீக்கிப் புதிதாக நிறுவுதலே உறுதியான வழி. பணம் களவு போயிருந்தால், தாமதமின்றி வங்கிக்கும், 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். நேரம் செல்லச் செல்லப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினமாகும்.

மறைத்தலே பெருந்தீங்கு

ஒன்றை நாம் மறத்தலாகாது. மறைவுதான் ட்ரோஜனின் வலிமை. தவறான ஒன்றைத் திறந்துவிட்ட மாணவி ஏச்சுக்கு அஞ்சி வாய் திறவாதிருந்தால், அம்மறைவு மேலும் நீளும். அவள் அஞ்சி வாளாவிருக்கும் இரண்டு நாள்களில் தந்தையாரின் வங்கிக் கடவுச்சொல்லும் குடும்பத்தின் படங்களும் பிறர் கைக்குப் போய்விடலாம். எனவே ஐயம் எழுந்த அக்கணமே பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ சொல்லிவிடுதல் நம் கடமை. பெற்றோர்க்கும் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. பிள்ளைகள் வந்து சொல்லும்போது முதலில் இணைப்பைத் துண்டியுங்கள்; அறிவுரையைப் பின்னர்க் கூறுங்கள். சினம் கண்டு ஒருமுறை அஞ்சிய பிள்ளை, மறுமுறை சொல்ல வருவதில்லை.

வருமுன் காப்போம்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. ஆகவே நம் வீட்டுக் கணிப்பொறி எந்தப் பதிப்பில் இயங்குகிறது, அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருகின்றனவா என்பதை இன்றே பார்ப்போம். மென்பொருளை உரியவரிடமிருந்தே பெறுவோம். முக்கியமான கோப்புகளின் படி ஒன்றைத் தனி வட்டில் எடுத்து, அதைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி வைப்போம்.

வெளுத்ததெல்லாம் பாலன்று என்பது நம் முன்னோர் மொழி. திறக்குமுன் ஒரு கணம் நின்று, “இதை அனுப்பியவர் யார்? இதை நாம் கேட்டோமா?” என்று எண்ணிப் பார்ப்போம். வீட்டின் கதவைத் தட்டுபவர் யாரென்று கேட்டபின் தாழ் திறக்கும் நாம், கணிப்பொறியின் கதவுக்கும் அவ்வழக்கத்தையே கைக்கொள்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி