நீண்ட ஆங்கிலச் சொற்களும் நம் மாணவரின் தயக்கமும்

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கியது. எனினும், எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்த தமிழ், முஸ்லிம் மாணவர் பலர் நேர்முகப் பரீட்சையில் ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்குவதை நாம் காண்கின்றோம். சிங்கள இளைஞர் ஆங்கிலத்துக்கு 'கடுவ', அதாவது வாள் என்று பெயரிட்டிருப்பதும் காரணமின்றியல்ல.

குறிப்பாக நீண்ட வினையடைகளே நம்மவரை இடறச் செய்கின்றன. தமிழை வாசிப்பது போல் ஆங்கிலத்தையும் எழுத்தெழுத்தாக வாசிப்பதே இதற்குக் காரணம். ஆங்கிலத்தில் ஓர் அசை உரத்து ஒலிக்க, ஏனையவை மெலியும். சில மறைந்தே போகும்.

13 எழுத்துகள் கொண்ட 'அன்போர்ச்சுனற்லி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'துரதிர்ஷ்டவசமாக' என்று அநாயாசமாகக் கூறும் நமக்கு இதன் அமைப்பு புதியதன்று. 'அன்' மறுப்பு, 'போர்ச்சுன்' அதிர்ஷ்டம், அடுத்த விகுதி அதனைப் பெயரடையாக்குகின்றது, 'லி' நமது 'ஆக'. அசைகள் ஐந்து: அன்-போர்-ச்சு-நற்-லி. அழுத்தம் இரண்டாவதில் விழும். நான்காவதை 'நேற்' என்று நீட்டுவதே நம்மிடையே காணப்படும் வழு.

'லி' சேர்வதால் அழுத்தம் பொதுவாக இடம்மாறுவதில்லை. ஆனால் 'இக்' விகுதி அதனைத் தனக்கு முந்திய அசைக்கு இழுத்துக்கொள்ளும். 'போட்டோகிராப்' என்பதில் முதலசையிலும், 'போட்டோகிரபி' என்பதில் இரண்டாம் அசையிலும் உள்ள அழுத்தம், 'போட்டோகிராபிக்' எனும்போது மூன்றாவதற்குச் செல்கின்றது. அதனுடன் 'லி' சேர்ந்தாலும் அங்கேயே நிற்கும். இத்தகைய சொற்களில் இடையே எழுதப்படும் 'அல்' பேச்சில் ஒலிப்பதில்லை. எழுத்தில் நான்கு அசை கொண்ட 'பேசிக்கலி', பேச்சில் 'பேசிக்லி' என மூன்றாகிவிடும். 'பப்ளிக்லி' என்பதோ எழுத்திலும் 'அல்' இன்றியே வரும். இம்முரண்பாட்டுக்கு மாணவரைக் குறைகூற இயலாது.

ஆங்கிலேயரிடையேயும் கருத்தொற்றுமை இல்லை. 'நெசசரிலி' என்பதை முதலசையை அழுத்திச் சொல்வோரும் உளர். மூன்றாவதை அழுத்துவோரும் உளர். அமெரிக்கர் பெரும்பாலும் மூன்றாவதையே அழுத்துவர். இரண்டும் அகராதிகளில் ஏற்கப்பட்டவையே. எனவே இதில் ஒன்றைப் பிழையென்று நகைப்பவர் அகராதியைப் புரட்டாதவரே.

அகராதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில அகராதிகளில் தலைச்சொல்லுக்கு இடையே வரும் புள்ளிகள் வரி முடிவில் சொல்லைப் பிரிப்பதற்கானவை; உச்சரிப்புக்குரியவை அல்ல. ஒலிக்குறிப்பில், அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே இடப்படும் சிறு செங்குத்துக் கோட்டையே மாணவர் தேட வேண்டும்.