ஊரடங்கும் ஒரு பெரிய நாவலும்

நாவல் படிப்பது வேலையற்றவன் வேலை என்ற எண்ணம் நம் தோழர்கள் சிலரிடம் இன்றும் இருக்கிறது. கொரோனா ஊரடங்கின்போது, "கவலையை மறக்கத் தடித்த மேல்நாட்டு நாவல் ஒன்றைப் படியுங்கள்" என்று படித்த பெருமக்கள் யோசனை கூறினார்கள். அதைக் கேட்டு எரிச்சலுற்ற சிங்காநல்லூர் மில் தோழர் ஒருவர் நம்மையே மடக்கினார்: "ஏனுங்க தோழர், அடுப்பே எரியாதப்போ ஆயிரம் பக்கத்துக் கதை எதுக்குங்க?"

நியாயமான கேள்விதான். 2020 மார்ச் 25 முதல் நாடே அடைபட்டது. மில் சங்கு ஓய்ந்தது. சோமனூரிலும் பல்லடத்திலும் தறிச் சத்தம் நின்றது. முதலாளிக்கும் அது ஓய்வு, தொழிலாளிக்கும் அது ஓய்வு. ஒருவருக்குச் சோற்றோடு ஓய்வு, மற்றவருக்குக் கூலியில்லாத ஓய்வு! போதாததற்கு, கையிலிருந்த செல்போன் அரை மணிக்கொரு முறை சாவுக் கணக்கை வாசித்தது. தூக்கம் போயிற்று.

அந்தத் தோழரிடம் நாம் கொடுத்தது 'ஏழை படும் பாடு'. பிரெஞ்சு நாட்டு விக்டர் ஹ்யூகோ 1862-ல் வெளியிட்ட நாவல். சுத்தானந்த பாரதியார் தமிழாக்கம். கோவைக்கு அது அந்நியச் சரக்கு அல்ல. 1950-ல் நம் பட்சிராஜா ஸ்டூடியோ அதைப் படமாக எடுத்தது. நாகையா கதாநாயகன். போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்தவர் சீதாராமன். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு கடைசிவரை ஜாவர் சீதாராமனாகவே இருந்தார்.

நாலு நாள் கழித்துத் தோழர் போனில் கூப்பிட்டார். ரொட்டி திருடியதற்கு 5 ஆண்டு, தப்பியோட முயன்றதற்கு 14 ஆண்டு, ஆக 19 ஆண்டு சிறையிருந்து வெளியே வருகிறான் ழான் வால்ழான். கையில் மஞ்சள் சீட்டு. அதைக் கண்டதும் சத்திரக்காரன் விரட்டுகிறான். "நம்ம தெருவுல நோய் வந்த வீட்டுக் கதவுல சீட்டு ஒட்டுனாங்களே, அதே கதைதானுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க பாலுகூட வாங்கித் தரலை" என்றார். கவலையை மறக்கும் மருந்து என்று சொன்னார்களே, அவர் எதை மறந்தார்? தன் தெருவையே அல்லவா பிரான்சில் கண்டார்!

ஆயினும் அவருக்குத் தூக்கம் வந்தது. செல்போன் துண்டு துண்டாகப் பயத்தைத் தந்தது. நாவலோ ஒரு மனிதனைப் பல ஆண்டுகள் கைபிடித்து நடத்திச் சென்றது. நாளை என்ன ஆவானோ என்று அவனுக்காகக் கவலைப்பட்டதில், தன் கவலைக்கும் ஓர் அளவு கிடைத்ததாம்.

அந்தக் கதையிலும் கொள்ளைநோய் உண்டு. 1832-ல் பாரிஸ் நகரில் காலரா 18,000 பேருக்கு மேல் பலிகொண்டது. ஏழைகளின் சந்துகளில்தான் அது அதிகம் ஆடியது. மக்கள் நேசித்த தளபதி லாமார்க்கும் காலராவில் மாண்டார். ஜூன் 5-ல் அவருடைய சவ ஊர்வலம் கிளர்ச்சியாக வெடித்தது. ஹ்யூகோ காட்டும் தெருத்தடுப்புப் போர் அதுதான். நம் நகரமும் நோயை அறியாததல்ல. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் கோவையில் நிற்கின்றன.

மூல நாவலில் 365 அத்தியாயங்கள். நாளைக்கு ஒன்றாகப் படித்தால் சரியாக ஓர் ஆண்டு. (வாட்டர்லூ போர்க்களத்தை வர்ணிக்கும் பகுதியில் நமக்கே கண் சொருகியது, அதைத் தாண்டிப் போனாலும் குற்றமில்லை.)

ஆனால் நாளைக்கு ஓர் அத்தியாயம் படிக்க நேரம் எங்கே? 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகே, மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டதாக அறிவித்தார்கள். எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம் போக மிச்சமுள்ள எட்டு மணியில்தான் பிள்ளையின் பாடமும் சங்கக் கூட்டமும் புத்தகமும் அடங்க வேண்டும். அதிலே நாலு மணியை வெட்டினால் முதலில் விழுவது புத்தகமே.

சிங்காநல்லூர்த் தோழர் தெருத்தடுப்புவரை வந்திருந்தார். மில் திறந்தது, ஷிப்டு மாறி மாறி வந்தது, புத்தகம் பரணில் ஏறியது. சென்ற மாதம் பார்த்தபோது, "அந்த ஜாவரு கடைசியில என்ன ஆனானுங்க?" என்று கேட்டார். நாம் சொல்லவில்லை.