நான் ஒரு ஏலியன் (இசைத்தொகுப்பு)

நான் ஒரு ஏலியன், ஹிப்ஹாப் தமிழா இணையரின் (ஆதி, ஜீவா) தனியிசைத் தொகுப்பு. 2020-ல் வெளியானது.

கோவையில் பிறந்த ஆதி, ஜீவாவுடன் இணைந்து 2012-ல் வெளியிட்ட ‘ஹிப் ஹாப் தமிழன்’ தமிழ் ராப் இசையை இளைஞர்களிடையே பரவலாக்கியது. பின்னர் ஆம்பள, தனி ஒருவன் (2015) படங்கள் வழியாக இருவரும் திரையிசைக்குச் சென்றனர். மீசைய முறுக்கு (2017) படத்தில் ஆதி இயக்குநரும் நாயகனும் ஆனார்.

எட்டாண்டு இடைவெளிக்குள் தமிழ் ராப் மாறிவிட்டிருந்தது. அறிவு, ஆஃப்ரோ இணைந்து உருவாக்கிய ‘தெருக்குரல்’ (2019) சாதியையும் அரச வன்முறையையும் நேரடியாகப் பேசியது. அதன் அருகே வைத்தால் ஏலியனின் இணையப் பழக்கம் பற்றிய அறிவுரை பழையதாகவே ஒலிக்கிறது. முதல் தொகுப்போடு ஒப்பிட்டு இதைக் குறைத்துச் சொல்லும் ரசிகர்கள், அதில் இருந்த ‘கிளப்புல மப்புல’ பாடலை மறந்துவிடுகிறார்கள். பெண்கள் குடிப்பதைச் சாடிய அப்பாடல் பெண்களை இழிவுபடுத்துகிறது என விமர்சிக்கப்பட்டது. இன்று கேட்டால் ஏலியனைவிட அதுவே அதிகம் பழசாகியிருக்கிறது.